தட்டை மெஷின்

மூக்கி கம்பளத்தின் மூலையைப் பிடித்து இழுத்தாள். அது வருவதாக இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலைச் சுவரில் உதைத்து இழுத்தபோது சர்ரென்று கிழிந்துகொண்டு வந்தது. கூடவே ஒரு வாடையும் வந்தது. மூக்கி கம்பளத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி மூச்சு விட்டாள்.

அவளுக்கு மூக்கி என்று பேர் வைத்தது அண்ணன்தான். சின்ன வயதில் வீட்டில் பால் கெட்டுவிட்டதா என்று சந்தேகம் வந்தால் யாரும் அதை அடுப்பில் ஏற்றிப் பார்க்க மாட்டார்கள். பாத்திரத்தை அவள் மூக்குக்கு நேராக நீட்டுவார்கள். பிறகு அந்த மூக்கே பிழைப்பாகவும் ஆயிற்று. ட்ரை க்ளீனிங் கடை வைத்திருக்கிறாள். என்ன கறை, எவ்வளவு பழசு, எதற்குப் போகும் என்று துணியை முழுசாக விரிப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். ஜூஸ் கொட்டிவிட்டது என்று சத்தியம் செய்கிறவரிடம் அது ஒயின் என்று வாய் திறந்து சொல்லமாட்டாள். "ஜூஸ்தானே, போயிடும்" என்று சொல்லிவிட்டு ஒயினுக்கு உண்டான மருந்தைப் போட்டு வெளுத்துக் கொடுப்பாள். அதனால்தான் ஊரில் பாதிப் பேருடைய அழுக்கு அவளுக்குத் தெரிந்தும் அத்தனை பேரும் அவள் கடைக்கே வருகிறார்கள்.

இது அண்ணன் வீடு. இந்த அறை அம்மாவுடையது, கட்டிலை வெளியே எடுத்துவிட்டதால் வெறுமையாகக் கிடந்தது. அம்மா இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இதே கம்பளத்தின் ஓரம் தடுக்கித்தான் விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறாள். வார முடிவில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடக்கப் பழக்குகிற பெண் மூக்கியைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள்.

"ரூம்ல கம்பளமே இருக்கக் கூடாதுங்க. வாக்கர் கால் மாட்டிக்கும். வெறும் தரையா, மேடு பள்ளம் இல்லாம, சிராய் இல்லாம இருக்கணும். இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா அப்புறம் எழுந்திரிக்கிறது கஷ்டம்."

ஆக, கம்பளத்தை எடுக்க வேண்டும், அடியில் இருக்கும் மரத்தரையைத் தேய்த்துச் சீராக்க வேண்டும், அப்படிச் செய்தால் அம்மா இந்த அறைக்குத் திரும்பலாம். வேறு இடம் யாரும் யோசிக்கவில்லை. மூக்கியின் வீடு கடைக்கு மேலே இருக்கிறது. ஒருத்தர் ஏறினால் இன்னொருத்தர் இறங்க முடியாத மாடிப்படி, ஒரே நீள அறை, நடுவில் திரை போட்டு இரண்டாக்கிக்கொண்டு அவளும் வீட்டுக்காரரும் குடியிருக்கிறார்கள். அண்ணன் வீடு கீழ்த்தளம், தனி அறை, பக்கத்திலேயே கழிப்பறை. அம்மாவுக்கு அதுதான் சரி என்று முதலில் சொன்னதும் மூக்கிதான்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் முகம் சுருங்கியது. "அம்மாவுக்குக் கால் சில்லிடக் கூடாதுன்னுதான் போட்டேன்" என்றான். கம்பளம் போட்ட அன்றைக்கே அதை போட்டோ பிடித்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டவன் அவன். 'அம்மாவின் பாதம் நோகக் கூடாது' என்று கீழே ஒரு வரி. சித்தப்பா, பெரியம்மா, எங்கெங்கேயோ இருக்கிற அத்தை பிள்ளைகள் எல்லாரும் கும்பிடுகிற கை படத்தை வரிசையாக அனுப்பியிருந்தார்கள். மூக்கியும் ஒன்று அனுப்பினாள்.

அம்மாவிடம் சொன்னபோது அவளும் விசித்திரமாகத்தான் நடந்துகொண்டாள். மூக்கியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கம்பளத்தை எடுக்க வேணாம்டி. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். பிள்ளை ஆசையாகப் போட்டதை எடுத்தால் அவன் மனசு கஷ்டப்படும் என்று நினைக்கிறாளாக்கும் என்று மூக்கி நினைத்துக்கொண்டாள்.

பிறகு அண்ணன் இன்னொன்று சொன்னான். "நீ கடையப் பாரு. நானே லீவு போட்டு எடுத்துத் தேய்ச்சுடறேன்." தான் குடித்த தம்ளரை ஒரு சாண் நகர்த்தி வைக்காத மனுஷன், தரை தேய்க்கிறேன் என்கிறான். மூக்கி நம்பவில்லை. அவன் லீவு போடுவதற்குள் அம்மா நூறு தடவை விழுந்துவிடுவாள் என்று, அவன் ஆபீஸ் போன பிறகு டெலிவரி வேனை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டாள்.

கம்பளத்தின் அடியில் இருந்த ஸ்பாஞ்ச், டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி ஊறிப் பிசுபிசுத்துப் பிறகு காய்ந்துபோயிருந்தது. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஓரங்களில் நரைமுடி உருண்டை உருண்டையாகக் கிடந்தது. நகத்துண்டுகள். பாதி கரைந்து பஞ்சோடு ஒட்டிக்கொண்ட மாத்திரைகள். கம்பளத்தைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் முழுக்கப் பழுப்பாக, திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது. அதைச் சுருட்டும்போது கையுறையைத் தாண்டியும் ஈரம் இருப்பதுபோல் அவளுக்குக் கூசியது. கடையில் அவள் வாந்தி ஒட்டிய சட்டையைத் தொட்டிருக்கிறாள், இறந்துபோனவர் போர்வையைத் தொட்டிருக்கிறாள். இப்படி அருவருத்ததில்லை.

அண்ணி வாசற்படியில் நின்றாள். கையில் வாசனை ஸ்பிரே. அறைக்குள் வராமல், கையை மட்டும் நீட்டி இரண்டு தடவை அடித்தாள். மல்லிகைப்பூவைச் சாக்கடையில் போட்ட மாதிரி இருந்தது.

"எல்லாம் ரௌடி பண்ணின வேலை. அது போயி எவ்வளவோ நாளாச்சு, நாத்தம் மட்டும் போக மாட்டேங்குது பாரு" என்றாள் அண்ணி.

ரௌடி அண்ணி வளர்த்த நாய். பேர்தான் ரௌடி, செருப்பளவு இருக்கும். வாசல் மணி அடித்தால் அடுப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இந்த வீட்டில் கோப்பை உடைந்தாலும் ரௌடிதான், பிஸ்கட் காணாமல் போனாலும் ரௌடிதான். செத்தும் அதற்கு விடுதலை கிடைக்கவில்லை.

"ரௌடி இந்த ரூமுக்கு வருமா அண்ணி? அது சமையலறைய விட்டு நகராதே."

"நாங்க இல்லாதப்ப வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அண்ணி போய்விட்டாள்.

மூக்கி தரையைப் பார்த்தாள். நீளப் பலகைகள். மேலே வார்னிஷ். வார்னிஷ் என்றா சொல்வது, காய்ந்த வெல்லப்பாகை வாளியோடு கவிழ்த்த மாதிரி கட்டி கட்டியாகப் பூசிக் கிடந்தது. பிரஷ் மயிர் ஒட்டியிருந்தது, தூசி ஒட்டியிருந்தது, ஒரு எறும்புகூட அதற்குள்ளேயே சமாதியாகியிருந்தது. சுத்தம் செய்யாமலே மேலே பூசி மெழுகிய வேலை. அறை நடுவில் வார்னிஷுக்கு அடியில் ஏதோ இருட்டாகத் தெரிந்தது. சுவரோரப் பலகை இடுக்கில் கடையின் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தாள். கார்டு கொஞ்சம்தான் இறங்கியது. தேய்க்க மிச்சமிருக்கிற மேல்மரம் அவ்வளவுதான். வீடு வாங்கியபோதே ஒரு தடவை தேய்த்த தரை. அங்கங்கே ஆணித்தலை எட்டிப் பார்த்தது.

அண்ணனுக்கு போன் போட்டாள். "கம்பளத்த எடுத்துட்டேன். தரை தேய்க்கிற மெஷின் வாடகைக்கு எடுக்கப் போறேன்."

"இரு, நானும் வரேன்" என்றான். அம்மா விழுந்த அன்றைக்குக்கூட மீட்டிங் முடித்துவிட்டுத்தான் கிளம்பினவன்.

மெஷின் கடையில் இஸ்திரி கலையாத சட்டையும் கழுத்துப் பட்டையுமாக அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தான். கடைக்காரர் ஒரு காதில் போனையும் ஒரு காதில் இவர்களையும் வைத்துக்கொண்டு, வரிசையாக நிறுத்தியிருந்த மெஷின்களைக் காட்டினார்.

"இது உருளை. அடியில உருளையில உப்புத்தாள் சுத்தியிருக்கும். ஒரே இழுப்புல மேல் தோல் மொத்தமும் வந்துடும். ஆனா கைப்பழக்கம் வேணும். ஓடிக்கிட்டே இருக்கணும், ஒரு எடத்துல நின்னா அங்கயே பள்ளம் தோண்டிடும். இது தட்டை. அடியில சதுரப் பலகை, அது அதிரும், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கும். பள்ளம் விழாது. இந்தச் சின்னது சுவரோரத்துக்கு. உங்க வசதி எப்படியோ பாத்துக்கங்க."

"உருளை குடுங்க" என்றான் அண்ணன். "இருக்கறதுலயே முரட்டுத் தாளாப் போடுங்க."

"தட்டை போதும்" என்றாள் மூக்கி.

"உனக்கென்ன தெரியும்? மேல இருக்கறது மொத்தமாப் போகணும். அம்மா வர்றதுக்குள்ள முடிக்க வேணாமா?"

"மரம் கொஞ்சம்தான் இருக்கு அண்ணா. கார்டு விட்டுப் பாத்தேன். உருளை விட்டா ஆணி வந்து கிழிக்கும், பலகை இடுக்கு திறந்துக்கும். அம்மா அதுல வாக்கர் வச்சு நடக்கணும். நைஞ்ச பட்டுல இரும்பு பிரஷ் போடுவாங்களா?"

"இது பட்டு இல்ல, தரை."

"எதுவா இருந்தா என்ன, தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான்."

கடைக்காரர் போனை மூடிக்கொண்டு, "யாருங்க ஓட்டப் போறது?" என்று கேட்டார். அண்ணன் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். மூக்கி தட்டை மெஷினின் பிடியைப் பிடித்து வேன் பக்கம் உருட்ட ஆரம்பித்துவிட்டாள். வேன் அவளுடையது, அதற்கு மேல் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனாலும் வேன் கதவை மூடும்போது வந்து நின்று, "நடுவுல ரொம்ப நோண்டாத. நாய் நாசம் பண்ணி வச்ச எடம். அங்க நானே பாத்துக்கறேன்" என்றான்.

நாற்பதாம் நம்பர் உப்புத்தாளைப் போட்டு சுவரோரத்திலிருந்து ஆரம்பித்தாள். கதவு இடுக்குக்குப் பாலித்தீன் ஒட்டி, மூக்குக்கு மாஸ்க் கட்டிக்கொண்டாள். மெஷின் ஒரு கிழட்டு எருமை மாதிரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. வார்னிஷ் சூட்டில் இளகி, தாளில் கோந்தாகப் பிடித்துக்கொண்டது. நிறுத்துவாள், தாளை உரிப்பாள், புதுத்தாள் ஒட்டுவாள், மறுபடி ஓட்டுவாள். கால் மரத்தது, தோள் கடுத்தது. ஆனால் மெஷின் போன தடத்தில் மரம் கோதுமை நிறத்தில் மெல்ல வெளியே வந்தது. நல்ல மரம். வரி வரியாக, அழகாக. இதன் மேல் போய் அந்தப் பாகை ஊற்ற எப்படி மனசு வந்தது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அறையின் நடுவை நெருங்க நெருங்க மரம் கறுக்கத் தொடங்கியது. முதலில் தேநீர்க் கறை மாதிரி, பிறகு மை கொட்டிய மாதிரி. மூக்கி நாலு தடவை அதன் மேல் மெஷினை நகர்த்தினாள். பலகை சூடேறியது. சூடேறியதும் வாடை எழும்பியது.

இது அவள் தொழிலில் தினமும் நடக்கிறதுதான். வெளுத்து, உலர்த்தி, சுத்தமாகத் தெரிகிற சட்டையின் அக்குளில் இஸ்திரிப்பெட்டி பட்டதும் பழைய வியர்வை நாற்றம் குப்பென்று வரும். உள்ளே இறங்கிப்போனது சூட்டுக்குத்தான் வெளியே வரும். இங்கே வந்தது மூத்திரம். புளித்து, ஊறி, கண்ணைக் கரிக்கிற பழைய மூத்திரம். மாஸ்க்கைத் தாண்டிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கியது. அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து, மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

வார்னிஷ் போன தரையில் நாலு குழி தெரிந்தது. காசு அளவில், வட்டமாக, ஆழமாக அழுந்திய நாலு குழி. அம்மாவுடைய இரும்புக் கட்டிலின் கால்கள் நின்ற இடம். நாலு குழிக்கும் நடுவில், கட்டிலில் ஒருத்தர் படுத்தால் இடுப்பு வருகிற இடத்துக்கு நேர் கீழே, கறுப்பு. கறுப்பைச் சுற்றி ஒரு வளையம். அதைச் சுற்றி இன்னொரு வளையம். அதற்கும் வெளியே இன்னொன்று. ஒருமுறை சிந்தினால் ஒரு வளையம்தான் விழும் என்று மூக்கிக்குத் தெரியாதா? இங்கே எண்ண முடியாதபடி ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்திருந்தது. உருளையை விட்டிருந்தால் முதல் இழுப்பிலேயே குழியும் வளையமும் தூசியாகிப் பைக்குள் போயிருக்கும். அண்ணன் ஏன் அதற்கு அப்படி அடம்பிடித்தான் என்பது இப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நாயாகவே இருந்துவிடக் கூடாதா என்றுதான் அவளுக்கும் இருந்தது. தூசிப் பையை அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்து, மாஸ்க்கை இறக்கிவிட்டு முகர்ந்தாள்.

மூத்திரத்தோடு தைலமும் வந்தது. அம்மா முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்கிற வலித் தைலம், கற்பூர வாடை தூக்கலாக. ரௌடிக்கு எந்தக் காலத்திலும் மூட்டுவலி இருந்ததாகத் தெரியவில்லை.

மூக்கி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி சமாளிக்க முடியாமல் போனால் துடைத்துவிடலாம். துடைத்திருந்தால் மரத்துக்குள் இறங்கியிருக்காது. படுக்கை நனைந்து, படுக்கை வழியாகச் சொட்டி, சொட்டியது தேங்கி, தேங்கியது காயும் வரை அப்படியே விட்டிருக்கிறார்கள். மறுபடி நனைந்திருக்கிறது. அதன் மேல் ஒரு கிழவி படுத்துக் கிடந்திருக்கிறாள். நாற்றம் தாங்க முடியாமல் போனபோது அவர்கள் செய்தது படுக்கையை மாற்றுவது அல்ல. தரைக்கு வார்னிஷ் பூசியிருக்கிறார்கள், அதற்கு மேல் கம்பளம் போட்டிருக்கிறார்கள், அதை போட்டோ எடுத்துக் கும்பிடு வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கும்பிடுகளில் தன்னுடையதும் ஒன்று என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கை மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் வருவாள். அம்மா கூடத்தில் சாய்வு நாற்காலியில் தலைவாரி, பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பாள். அறைக்கதவு சாத்தியிருக்கும். "ரூம் இன்னும் ஒதுக்கல, அங்க போகாத" என்று அண்ணி சொல்வாள். தைலமும் பவுடரும் ஸ்பிரேயும் கலந்து அடிக்கிற வாடையைத் தாண்டி இந்தப் பெருமைக்குரிய மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை.

வெளியே கார் நின்றது. அண்ணி போன் செய்திருப்பாள். அண்ணனும் ஒரு டிரைவருமாக உருளை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அறையில் இறக்கினார்கள். டிரைவர் போய்விட்டான். அண்ணன் கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு தரையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"தள்ளு. நான் ஓட்டறேன்."

"இது ரௌடி இல்ல அண்ணா."

"நாய்தான். நாங்க பாத்தோம்."

"நாய் தைலம் தேய்ச்சுக்குமா?"

அவன் உருளையின் ஸ்விட்சைப் போட்டான். தட்டை மெஷின் எருமை என்றால் இது அறுந்து ஓடுகிற ரயில். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினான், அது அவனை இழுத்துக்கொண்டு போயிற்று. அறை முழுக்க அந்த வாடை புகையாக எழும்பியது. வாசலில் நின்ற அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, என்ன நாத்தம்" என்றாள். இத்தனை நாள் அதே நாற்றத்துக்குக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் தூங்கினவள்.

"எத்தனை நாள் அப்படியே போட்டிருந்தீங்க?" என்று மூக்கி மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

அது அவனுக்குச் சுட்டது. அங்கேயே நின்று, தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினான். "ஞாயித்துக்கிழமை வந்து ஒரு காப்பி குடிச்சுட்டுப் போறவ நீ. உனக்கு என்ன தெரியும்? ராத்திரி ராத்திரி யார் எழுந்திரிச்சது, நீயா?"

"யாரும் எழுந்திரிக்கல. எழுந்திரிச்சிருந்தா இது இவ்வளவு ஆழம் போயிருக்காது."

"நாலு தடவை கூப்பிடுவாங்க. அஞ்சு தடவை கூப்பிடுவாங்க. எனக்கும் காலைல ஆபீஸ் இருக்குல்ல? மனுஷன் எத்தனை தடவைதான்..."

அவன் பேசிக்கொண்டிருந்தான், உருளை அவன் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அவ்வளவு சொல்லியும் பேச்சு மும்முரத்தில் மறந்துபோனான். மரம் கருகுகிற புகை வந்தது, ஏதோ ஆணியில் மாட்டித் தீப்பொறி பறந்தது, தாள் டப்பென்று கிழிந்து சுழன்றது. பயந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டு மெஷினைப் பின்னால் இழுத்தான்.

தரையில் குறுக்காக ஒரு பள்ளம். சோற்றுத் தட்டை வைக்கலாம், அந்த அளவு. பலகை இடுக்குத் திறந்து அடிப்பலகை தெரிந்தது. மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். பள்ளத்தின் அடியிலும் கறுப்பாகத்தான் இருந்தது.

"போச்சு, தரையே போச்சு" என்றாள் அண்ணி. அவளுக்கு வருத்தம் வந்தது அப்போதுதான்.

அண்ணன் சட்டையில் படிந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டான். தட்டத் தட்ட அது வியர்வையில் குழைந்து அப்பியது. கையை முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, அவசரமாகக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். வெகுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினான். பெற்றவளுடைய மூத்திரம் அரை நிமிஷம் தன் கையில் இருந்ததற்கு அவ்வளவு சோப்பு. மூக்கிக்கு அவனைத் திட்டக்கூட வாய் வரவில்லை. திட்டுவதற்குக்கூட அவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், அது அவளால் முடியாது.

தட்டை மெஷினை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா வர்றதுக்குள்ள இதை என்னன்னு பாக்கணும். வேணும்னா மறுபடி கம்பளமே..." என்று அண்ணன் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"அம்மா வரமாட்டா" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தாள்.

மெஷினை வாடகைக் கடையில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாள். உடுத்தியிருந்த துணியைக் கடைத் தொட்டியில் போடாமல் குப்பையில் போட்டாள். வீட்டுக்காரரிடம் ஒன்றையும் விளக்காமல், "மாடிக்கு நாற்காலியோட தூக்கணும், ஆள் சொல்லி வைங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் கட்டிலை நகர்த்த ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் சாயங்கால வெயில் படுக்கையில் விழுந்திருந்தது. அம்மா விழித்துத்தான் இருந்தாள். படுக்கைக்கு அடியில் மூத்திரப் பை தொங்கியது. மகளைக் கண்டதும் அதை மறைக்கப் போர்வையை இழுத்து விட்டாள். மூக்கி பார்க்காத மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கம்பளத்த எடுத்துட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"எடுத்துட்டேம்மா."

"தரையப் பாத்தியா?"

"பாத்தேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கிக்கு வழியெல்லாம் தயார் செய்துவைத்திருந்த பேச்சு, அண்ணனைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற பேச்சு, தொண்டை வரை வந்தது. இந்த முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள். கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறபோது பேசுகிற குரலில் பேசினாள்.

"ரௌடிதாம்மா. நாசம் பண்ணி வச்சிருக்கு. மெஷின் விட்டும் போகல. அந்த ரூம்ல இனிமே யாரும் இருக்க முடியாது. நீ என்கூட வந்துடு."

அம்மா போர்வை ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உன் வீட்டுக்கு மாடி ஏறணுமே" என்றாள்.

"தூக்கிட்டுப் போக ஆள் சொல்லியாச்சு."

"உன் மூக்குக்கு வேற ஒத்துக்காது."

"அது கடை மூக்கும்மா. எதுவும் பழகிடும்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"அந்த நாயத் திட்டாதடி. அது வேணும்னு பண்ணல. கூப்பிட்டுப் பாத்துச்சு. ரொம்ப நேரம் கூப்பிட்டுச்சு. யாரும் கதவைத் திறக்கல."

மூக்கி ஸ்டூலிலிருந்து எழுந்து படுக்கையிலேயே உட்கார்ந்து, அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முழங்காலில் தைல வாடை அடித்தது.

"என் வீட்டுல கதவே கிடையாதும்மா" என்றாள். "நடுவுல வெறும் திரைதான்."